அடிவாரத்துக்குப் பொறுப்பு யார்? – கோலார் தங்கவயலின் சயனைடு மலையும் மூன்று மாநில எல்லையும்

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு நோக்கி மேடேறும் ரயில்பாதை பச்சூரைக் கடந்ததும் தமிழ்நாட்டை விட்டு ஆந்திரத்துக்குள் நுழைகிறது. மல்லானூர், குப்பம், பிசாநத்தம் ஆகிய நிலையங்களைத் தாண்டி, காமசமுத்திரத்தை எட்டும்போது கர்நாடகம் தொடங்கிவிடுகிறது. அடுத்துப் பங்காருபேட்டை. சுமார் 75 கிலோமீட்டர்ப் பயணத்தில் மூன்று மாநிலங்கள் கடந்துபோகின்றன. பங்காருபேட்டையில் பிரிந்து மாரிகுப்பம் வரை செல்லும் சுமார் 16 கிலோமீட்டர்க் கிளைப்பாதையில் ஏறினால், கோரமண்டல், உரிகம், சாம்பியன் எனத் தங்கவயலின் பழைய சுரங்கப் பெயர்களே நிலையங்களாக வருகின்றன. அவற்றுக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் குன்றுகள் நிற்கின்றன. உச்சி தட்டையாகவும் சரிவுகள் மழைநீர் அரித்த ஆழ்ந்த வரிகளோடும் இருக்கும். மரம் மிகக் குறைவு. தக்காணப் பீடபூமியின் எந்த மலைத்தொடரிலும் இவை சேரமாட்டா. ஊர்மக்கள் இவற்றைச் சயனைடு மலை என்றும் சயனைடு மேடு என்றும் அழைக்கின்றனர்.

இயற்கை இம்மலையை எழுப்பவில்லை. சுரங்கத்திலிருந்து மேலே கொண்டுவரப்பட்ட தங்கப் பாறை மாவாக அரைக்கப்பட்டது. சயனைடு கரைசலில் அதிலிருந்த தங்கம் கரைத்துப் பிரிக்கப்பட்டது. எஞ்சிய நுண்மண் குழம்பாக வெளியே கொட்டப்பட்டது. அது காய்ந்து படிந்து, அதன்மேல் மறுபடி கொட்டப்பட்டுப் படிந்து, ஒரு நூற்றாண்டுக் காலத்தில் மலையாக வளர்ந்தது. சில இடங்களில் இதன் உயரம் சுமார் 30 மீட்டர். ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் 1880இல் இங்கே காலூன்றியது முதல், பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது வரை, ஏறக்குறைய 5 கோடி டன் பாறை அரைக்கப்பட்டு 800 டன் அளவுக்குத் தங்கம் எடுக்கப்பட்டது. தங்கம் ஊரைவிட்டுப் போயிற்று. மண் ஊரிலேயே தங்கிவிட்டது.

2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை இம்மேடுகளைப் பற்றி ஒரு முடிவெடுத்தது. சுமார் 1,003 ஏக்கரில் கிடக்கும் 13 கழிவு மேடுகளை மீண்டும் தோண்டித் தங்கம் பிரிக்கும் மத்திய அரசின் முன்மொழிவுக்கு அது இசைவளித்தது. மேடுகளில் இருப்பதாக மதிப்பிடப்படும் மண் 3 கோடியே 30 லட்சம் டன். ஒரு டன் மண்ணில் உள்ள தங்கம் ஒரு கிராமுக்கும் குறைவு. ஆயினும் இன்றைய விலையில் அது இலாபம் தரும் என்பது கணக்கு. செய்தி வெளியானதும் எழுந்த விவாதம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே சுற்றிவந்தது: மலைக்குள் எவ்வளவு தங்கம் இருக்கிறது? அதில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு, மாநில அரசின் பங்கு எவ்வளவு? மலையின் அடிவாரத்தில் வாழ்பவர்களைப் பற்றிய கேள்வி இவ்விரண்டுக்கும் பின்னால் தள்ளப்பட்டது.

எல்லையோர மலைகளின் வரலாற்றில் இது புதிதன்று. உலகெங்கும் எல்லை மலைகளைப் பற்றிய வழக்கு உச்சியைப் பற்றிய வழக்காகவே இருந்து வந்திருக்கிறது. ஆல்ப்ஸ் மலைத்தொடரில் ஏறத்தாழ 4,800 மீட்டர் உயர்ந்து நிற்கும் மோன் பிளாங் இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று. 1860ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி சவாய் நிலப்பகுதி பிரான்சுக்குச் சென்றது. அதன்பின் எல்லைக்கோடு நீர்ப்பிரிமுகட்டின் வழியே உச்சியைத் தொட்டுச் செல்கிறது என்று இத்தாலி கூறி வருகிறது. பிரெஞ்சு வரைபடங்களோ கோட்டை உச்சிக்குத் தெற்கே இறக்கி, உச்சி முழுவதையும் பிரான்சுக்குள் வைக்கின்றன. இத்தகராறு இன்றுவரை தீரவில்லை. அதே ஆல்ப்ஸில் மாட்டர்ஹார்ன் சிகரத்தை ஒட்டிய பகுதியில் பனியாறுகள் உருகியதால் முகட்டுக்கோடே நகர்ந்துவிட்டது. சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் எல்லையைத் திருத்திக்கொள்ள 2023இல் உடன்பட்டன. அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்து அதற்கு ஒப்புதல் அளித்தது. மலை அசையாதது, ஆகையால் எல்லைக்கு உகந்தது என்ற பழைய நம்பிக்கை அங்கே உடைந்தது.

தமிழ் மரபிலும் மலையே எல்லை. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வேங்கட மலையை வடவெல்லையாக வைத்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது, ம.பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகம் அந்த இலக்கிய எல்லையை அரசியல் கோரிக்கையாக்கிப் போராடியது. திருப்பதி கிடைக்கவில்லை. படாஸ்கர் தீர்ப்பின் வழியே திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மேற்கே தேனி – இடுக்கி எல்லையில் மங்கலதேவி மலைமீதுள்ள கண்ணகி கோயில் இன்றும் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே தீராத வழக்காக நிற்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரை முழுநிலவன்று, இரு மாவட்ட நிர்வாகங்களும் கூடித் திட்டமிட்டு மக்களை மேலே அனுப்புகின்றன. இவ்வழக்குகளில் நியாயமில்லை என்பதன்று. உச்சியில் கோயிலோ கொடியோ வரைபடக் கோடோ இருக்கும்போது ஒவ்வோர் அரசும் உரிமை கோரி முன்வருகிறது என்பதே இவற்றிலிருந்து கிடைக்கும் பாடம். நோயும் தூசியும் மட்டுமே இருக்கும் மலைக்கு அவ்வாறு எவரும் முன்வருவதில்லை.

சயனைடு மலை இன்றைய எல்லைகளைவிட மூத்தது. அது எழத் தொடங்கிய காலத்தில் இவ்வட்டாரத்தில் இருந்தது ஒரே ஓர் எல்லைதான்: மைசூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடைப்பட்ட எல்லை. பங்காருபேட்டையே அப்போது, முன்னர் மைசூர் ஆணையராக இருந்த பௌரிங்கின் பெயரால் பௌரிங்பேட்டை என்று வழங்கியது. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்தும், பின்னர் சித்தூர் மாவட்டமாகப் பிரிந்த பகுதியிலிருந்தும் புறப்பட்டவர்கள் அந்த ஒற்றை எல்லையைத் தாண்டி வந்து சுரங்கத்தில் இறங்கினர். 1953க்கும் 1956க்கும் பிறகு அவர்களுடைய பூர்வீக ஊர்கள் இரண்டு மாநிலங்களிலும் பணியிடம் மூன்றாவது மாநிலத்திலும் ஆயின. இடம்பெயர்ந்தவை கோடுகளே, மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். ஆனால் கோடு நகர்ந்ததும் அவர்கள் வேற்று மாநிலத்தவர் எனப்பட்டனர்.

வந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். வட ஆர்க்காட்டின் பண்ணைகளில் நிலமின்றி, அடிமை நிலையை ஒத்த வாழ்வில் இருந்தவர்களுக்குச் சுரங்கம் கொடியதாயினும் வாரக் கூலி தந்தது. உச்சக் காலத்தில் இங்கு உழைத்தவர்கள் சுமார் 30,000 பேர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பத்தைத் தாங்கி வேலை செய்தவர்களுக்கு, தொழிலாளர் வழக்கில் ‘ஏர் பிளாஸ்ட்’ எனப்பட்ட திடீர்ப் பாறை வெடிப்பு எந்நேரமும் அச்சமாக இருந்தது. உரிமைக் குரலும் இங்கிருந்தே எழுந்தது. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்தில் வலுவாக வேரூன்றியது. அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் நின்றபின், 1926இல் ஜி. அப்பாதுரையார் அதைக் கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிக்கொணர்ந்தார். தென்னிந்தியத் தலித் அறிவு வரலாற்றை எழுதும் எவரும் இவ்வூரைத் தவிர்க்க இயலாது. அறிவியல் வரலாற்றிலும் அப்படித்தான். 1965இல் வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவுசெய்த ஆய்வுகளுள் ஒன்று, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஜப்பானிய, பிரித்தானிய அறிஞர்களோடு சேர்ந்து இச்சுரங்கத்தின் ஆழத்தில் நடத்தியதாகும்.

இவ்வளவும் நடந்த ஆழத்திலிருந்து ஏறி வந்த பாறையே மேலே மலையாகக் கிடக்கிறது. அவ்வகையில் சயனைடு மலை ஓர் ஆவணம். எத்தனை பாறை வெட்டப்பட்டது, எத்தனை உழைப்பு செலவாயிற்று என்பதை நிறுவனத்தின் கணக்கேடுகளுக்கு அடுத்தபடியாக அதுவே சொல்கிறது. கணக்கேட்டில் இடம்பெறாத தொழிலாளிக்கும் அம்மலையில் பங்கு உண்டு.

இனி, மலையின் பெயரே உண்டாக்கிய ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். சயனைடு என்ற சொல் உடனடி மரணத்தை நினைவூட்டுவது. ஆகவே மலையைப் பற்றிய அச்சம் முழுவதும் அந்தச் சொல்லின்மேல் குவிந்துவிட்டது. ஆனால் திறந்த வெளியில் கொட்டப்பட்ட கரைசலில் இருக்கும் கட்டற்ற சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெருமளவு சிதைந்துவிடும். நெடுங்காலம் நிற்பவை வேறு. ஒன்று, மாவினும் நுண்ணியதாக அரைக்கப்பட்ட பாறைத் தூளில் உள்ள சிலிக்கா. மற்றொன்று, தங்கத் தாதுவோடு இயல்பாகவே சேர்ந்துவரும் ஆர்சனிக் முதலான தனிமங்களும் கந்தகக் கனிமங்களும். காற்று வீசும் மாதங்களில் தூள் பறந்து வீட்டுக் கூரையிலும் தண்ணீர்க் குடத்திலும் படிகிறது. மழைக்காலத்தில் அரிக்கப்பட்ட மண் ஓடைகளில் இறங்குகிறது. சிலிக்கா தூசியை நீண்ட காலம் சுவாசிப்பதால் உண்டாகும் சிலிக்கோசிஸ் நுரையீரலைத் தழும்பாக்கும் நோய். அதை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களை வருத்திய நோய் அது. சயனைடு இல்லை, ஆகவே ஆபத்து இல்லை என்று ஓர் அதிகாரி சொன்னால், அவர் சொல்வதன் முதற்பாதி உண்மையாக இருக்கக்கூடும். இரண்டாம் பாதி உண்மையாகாது.

பொறுப்பு எப்படிக் கைநழுவுகிறது என்பதை இவ்விடத்தில் காணலாம். சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசு நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை மத்திய அரசிடம் சென்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. அதற்கு முன் 75 ஆண்டுகள் இலாபம் கண்ட பிரித்தானியக் கம்பெனிகள் கடல்கடந்து போய்விட்டன. இன்று மேடுகள் மத்திய அரசு நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன. சட்டம் ஒழுங்கும் பொதுச் சுகாதாரமும் மாநிலத்தின் பொறுப்பு. சாலையும் சாக்கடையும் நகராட்சிக்கு உரியவை. பணி முடிந்து குடியாத்தம், திருப்பத்தூர், குப்பம் வட்டார ஊர்களுக்குத் திரும்பிய முன்னாள் தொழிலாளியோ, அவர் வாழும் மாநில அரசின் பார்வையில் இன்னொரு மாநிலத்தில் வேலை செய்தவர். வேலை செய்த மாநிலத்தின் பார்வையில் இப்போது அங்கு வசிக்காதவர். அவருடைய இருமல் எந்த மாநிலத்தின் புள்ளிவிவரத்தில் சேரும்? எல்லை என்பது இங்கே நிலத்தைப் பிரிப்பதோடு நிற்கவில்லை; நோயாளியையும் அவருடைய நோய் வரலாற்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிட்டது.

சுரங்கக் கழிவுமேட்டின் பொறுப்பை எவரும் ஏற்காவிடில் என்ன நேரும் என்பதற்கு வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் சான்று. 1966 அக்டோபர் 21 அன்று காலை, ஊருக்கு மேலே குவிக்கப்பட்டிருந்த நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்தது. இறந்தவர்கள் 144 பேர். அவர்களுள் 116 பேர் குழந்தைகள். அதன் பிறகும் எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்கு, இறந்தவர் குடும்பங்களுக்காக மக்கள் திரட்டிய நிதியிலிருந்து 1,50,000 பவுண்டு எடுக்கப்பட்டது. அத்தொகையை அரசு திருப்பித் தந்தது 1997இல். சயனைடு மலை அபர்ஃபான் மேட்டைப் போன்றதன்று. நிலமும் மண்ணும் மழையும் வேறு. ஆனால் மேட்டை எழுப்பியவர் ஒருவர், அதன் விலையைச் செலுத்துபவர் வேறொருவர் என்ற ஏற்பாடு இரண்டிடத்திலும் ஒன்றே.

மறுதோண்டலுக்கு மிக நெருங்கிய முன்மாதிரி தென்னாப்பிரிக்காவின் ஜோகானஸ்பர்க். அந்நகரின் அடையாளமாகவே இருந்த மஞ்சள் நிறத் தங்கக் கழிவுமலைகளை 1970களின் இறுதியிலிருந்து நீரைப் பீய்ச்சிக் கரைத்து, மீண்டும் தங்கம் பிரித்து வருகின்றனர். பல மலைகள் மறைந்தே போயின. உச்சியில் திறந்தவெளித் திரையரங்கு இயங்கிவந்த ‘டாப் ஸ்டார்’ மேடும் அவற்றுள் ஒன்று. அதை மரபுச் சின்னமாகக் காக்க வேண்டும் என்ற குரல் எழுந்தும் பயனில்லை. மேடு அகன்றால் நிலம் விடுதலை பெறும் என்பது ஒரு பக்கம். தோண்டும் ஆண்டுகளில் தூசி கூடும், அடியில் எஞ்சும் நிலமும் மாசுபட்டே இருக்கும், பிரித்த மண்ணை இன்னோரிடத்தில் மலையாகக் குவித்தாக வேண்டும் என்பது மறுபக்கம். 3 கோடியே 30 லட்சம் டன் மண்ணிலிருந்து தங்கத்தை எடுத்தபின் எஞ்சுவதும் ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன் மண்ணே. அது எங்கே போகும் என்ற கேள்விக்கு விடையில்லாத திட்டம், மலையை ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு நகர்த்தும் திட்டம் மட்டுமே.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. பிரான்சின் வடக்கே, பெல்ஜிய எல்லையை ஒட்டிய நிலக்கரிப் பகுதியின் கழிவுக் குன்றுகளை, தொழிலாளர் குடியிருப்புகளோடும் சுரங்கக் கோபுரங்களோடும் சேர்த்து 2012இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏற்றியது. சமவெளியான அந்நாட்டில் மக்கள் ஏறிப் பார்க்கும் உயரம் சுரங்கத் தொழிலாளர்கள் எழுப்பிய உயரமே. அங்கே உச்சி பெருமைக்குரியதானதற்குக் காரணம், அடிவாரத்துக் குடியிருப்பும் அதனோடு சேர்த்து மதிக்கப்பட்டது. தங்கவயலின் மேடுகளைத் திரைப்படக் குழுவினர் நன்கு அறிவர், ‘கே.ஜி.எஃப்’ படத்தின் சுரங்க உலகம் இம்மண்ணின்மேல்தான் அமைக்கப்பட்டது. நாடு முழுவதும் அத்திரைப்படத்தைக் கண்டது. ஆனால் அந்தப் பெயருக்குரிய ஊரில் இன்றும் ஆட்கள் வாழ்கிறார்கள் என்பதைப் பலரும் அறியார்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. சுரங்கம் மூடப்பட்டபின் இவ்வூரின் இளைஞர்கள் விடியுமுன் மாரிகுப்பம் ரயிலில் ஏறி, பங்காருபேட்டை வழியே பெங்களூருக்குச் சென்று, இரவில் திரும்புகின்றனர். நாளின் நான்கைந்து மணி நேரத்தை ரயிலில் கழிக்கும் ஒருவருக்கு, ஊரிலேயே வேலை கிடைக்கும் என்ற வாக்குறுதி சிறியதன்று. மரபு, நினைவு, ஆவணம் என்றெல்லாம் பேசுவது வயிறு நிறைந்தவர்களின் பேச்சு என்று அவர் சொன்னால், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவ்வேலை எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று கேட்கும் உரிமையும் அவருக்கே உண்டு. மண்ணை அள்ளுவது பெரும்பாலும் இயந்திரத்தின் வேலை. கழிவு தீர்ந்ததும் வேலையும் தீரும். நூறாண்டுச் சுரங்கம் ஒரே நாளில் மூடப்பட்டதைக் கண்ட ஊருக்கு இதைக் கற்பிக்க வேண்டியதில்லை. வேலையா ஆரோக்கியமா என்று இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்வதே தவறு; அத்தெரிவை 1880களில் அவர்களுடைய முன்னோரிடமும் வைத்தார்கள்.

ஆகவே மறுதோண்டல் நடப்பதாயின், மண்வெட்டி விழுமுன் நான்கு செயல்கள் முடிந்திருக்க வேண்டும். முதலாவது, அடிவாரத்துக் குடியிருப்புகளிலும், முன்னாள் தொழிலாளர்கள் திரும்பிச் சென்ற தமிழ்நாட்டு, ஆந்திர ஊர்களிலும், மூன்று மாநில மருத்துவத் துறைகளும் சேர்ந்து நடத்தும் நுரையீரல் பரிசோதனை. இன்றைய நிலை பதிவாகாவிட்டால், நாளைய நோய்க்குத் திட்டம் காரணமில்லை என்று சொல்வது எளிதாகிவிடும். இரண்டாவது, காற்றிலும் நிலத்தடி நீரிலும் ஓடைகளிலும் சிலிக்கா, ஆர்சனிக் அளவுகளைத் தொடர்ந்து அளந்து, ஊர்மக்கள் படிக்கும் தமிழ், கன்னடம், தெலுங்கு மொழிகளில் வெளியிடுவது. பாலாறு கர்நாடகத்தில் பிறந்து ஆந்திரம் வழியே தமிழ்நாடு சேரும் ஆறு. தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரி அதன் குறுக்கே அமைந்தது. இவ்வட்டாரத்தில் தண்ணீர் எந்த ஒரு மாநிலத்தின் உள்விவகாரமும் அன்று. மூன்றாவது, வருவாயின் ஒரு பகுதியைச் சட்டப்படி அடிவாரத்துக்கு ஒதுக்குவது: வீட்டுமனை உரிமைக்கும், மருத்துவமனைக்கும், தோண்டிய நிலத்தை மீட்பதற்கும். நான்காவது, ஒரு மேட்டையாவது அரிப்புக்குத் தடுப்புச் செய்து, பசுமை போர்த்தி, அகற்றாமல் நிறுத்தி, தொழிலாளர் வரலாற்றின் நினைவிடமாக்குவது. அங்கே பெயர்கள் எழுதப்பட வேண்டும் என்றால், நிறுவன மேலாளர்களின் பெயர்களுக்கு முன்னால் சுரங்கத்தில் இறந்தவர்களின் பெயர்கள் எழுதப்பட வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய அறிவியல் தேவையில்லை. மூன்று மாநிலங்களும் ஒரு மத்திய அமைச்சகமும் ஒரே மேசையில் அமர்ந்தால் போதும். கண்ணகி கோயிலுக்கு ஆண்டுதோறும் இரு மாநில அதிகாரிகள் கூடி அமர முடிகிறது. எல்லையைத் திருத்த ஆல்ப்ஸில் இரு நாடுகள் கூடி அமர முடிந்தது. தங்கவயலின் தூசிக்காகக் கூட முடியாது என்பதற்கு நிர்வாகக் காரணம் எதுவும் இல்லை.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. தங்கவயலைப் பற்றி நிலவியலில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக ஆய்வுகள் நடந்துள்ளன. பாறையின் வயது, தாதுவின் அடுக்கு, ஆழத்தின் வெப்பம் எல்லாம் அளக்கப்பட்டிருக்கின்றன. அப்பாறையை வெட்டியவர்களின் மூச்சை அளப்பதற்கும், அவர்களுள் எஞ்சியிருப்போரின் வாய்மொழியைப் பதிவுசெய்வதற்கும் இனிக் கிடைக்கும் ஆண்டுகள் மிகச் சில. சுரங்கம் மூடப்பட்டபோது நாற்பது வயதில் இருந்தவர் இன்று அறுபத்தைந்தைத் தொடுகிறார். மலையைத் தோண்ட இன்னும் காலம் இருக்கிறது. அவரிடம் கேட்கக் காலம் அதிகம் இல்லை.